படிவத்தில் எழுதிய பெயர்

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது. நீதிமன்றக் கட்டடத்தின் பின்பக்கத்தில் 'நகல் பிரிவு' என்று எழுதிய அறை. கம்பி போட்ட சன்னலுக்கு உள்ளே எழுத்தர். வெளியே ஒரு தாயும் மகளும். தாய்க்கு வயது அறுபத்திரண்டு; மருத்துவமனைச் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் இதே நீதிமன்றத்தில் அவருக்கு மணவிலக்கு ஆயிற்று. அடுத்த வாரம் புதன்கிழமை அவருடைய மறுமணம் பதிவாக வேண்டும். அதற்கு அந்தப் பழைய தீர்ப்பின் சான்றிட்ட நகல் தேவை. வழக்கு எண் அவரிடம் இல்லை. அவர்கள் அங்கே வந்து நிற்பது இது மூன்றாவது நாள்.

எழுத்தர்: இல்லைம்மா. ரெண்டு தடவை பார்த்துட்டேன்... இல்லவே இல்லை.

மகள்: தொண்ணூத்தொண்ணு மட்டும்தானே பார்த்தீங்க?

எழுத்தர்: தொண்ணூறு, தொண்ணூத்தொண்ணு, தொண்ணூத்திரெண்டு. மூணு பேரேடு. ஒரே தும்மல். நேத்து வீட்டுக்குப் போனா பொண்டாட்டி கதவையே திறக்கலை. தலையில அவ்வளவு தூசி... யாரோன்னு நினைச்சிட்டா.

தாய்: மூக்கைக் கட்டிக்கிட்டு உள்ளே போகணும் தம்பி. நான் இருபத்தஞ்சு வருஷம் ஆஸ்பத்திரி அழுக்குத் துணி எண்ணினவ. கட்டாம ஒருத்தரையும் உள்ளே விட்டதில்லை.

மகள்: அம்மா, அவர் உன்கிட்ட வேலை பார்க்கலை.

தாய்: நல்லதை யாருக்குச் சொன்னா என்ன?

எழுத்தர்: சரி... வழக்கு நம்பர் ஞாபகம் இருக்கா? வக்கீல் கொடுத்த சீட்டு, கடிதம், ஏதாவது?

தாய்: வக்கீல் செத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. அவர் ஆபீஸ் இருந்த இடத்துல இப்போ முடி வெட்டுறாங்க.

எழுத்தர்: உங்களுக்கு அப்போ ஒரு நகல் கொடுத்திருப்பாங்களே...

தாய்: கிழிச்சுட்டேன்.

மகள்: கரையான் அரிச்சதுன்னு சொன்னே?

தாய்: ...கிழிச்சதைக் கரையான் அரிச்சது. இப்போ அதுவா முக்கியம்?

எழுத்தர்: இங்கே பாருங்கம்மா. யார் வழக்குப் போட்டாங்களோ அவங்க பேர்தான் பேரேட்டுல ஏறும். எதிர்த்தரப்புப் பேரு கட்டுக்குள்ளதான் இருக்கும். மூணு வருஷத்துக்குக் கட்டு ஆயிரத்து நானூறு. ஒவ்வொண்ணா அவிழ்க்க ஆரம்பிச்சா நான் ரிட்டயர் ஆயிடுவேன். உங்க படிவத்துல மனுதாரர்னு உங்க வீட்டுக்காரர் பேரு இருக்கு...

மகள்: முன்னாள்.

எழுத்தர்: முன்னாள் வீட்டுக்காரர். அவர்தான் வழக்குப் போட்டாரா? உறுதியாத் தெரியுமா?

மகள்: எங்க வீட்டுல அப்படித்தான் சார் பேச்சு. எனக்கு அப்போ ஒன்பது வயசு. அம்மா... நீயே சொல்லேன்.

தாய்: என்னத்தைச் சொல்ல? படிவம் எழுதினது நீ.

மகள்: கண்ணாடி எடுத்துட்டு வரலைன்னு என்னை எழுதச் சொன்னது நீ. கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கப் போறவ, கண்ணாடி இல்லாம வந்து நிக்கறே.

எழுத்தர்: மாப்பிள்ளைக்குக் கண்ணாடிக் கடையா?

மகள்: ஆமா சார். நாலு வருஷமா ஸ்க்ரூ கழண்டுடுச்சு, ஸ்க்ரூ கழண்டுடுச்சுன்னு வாரா வாரம் அந்தக் கடைக்குப் போயிட்டு வந்தாங்க. எனக்கு அப்பவே தெரியும், கழண்டது ஸ்க்ரூ இல்லைன்னு.

தாய்: வாயை மூடு. ஆபீஸ்ல வந்து நின்னுக்கிட்டு...

எழுத்தர்: நல்ல விஷயம்தானேம்மா. ஆனா பேரேட்டுல இல்லைன்னா 'பதிவு கிடைக்கவில்லை'ன்னுதான் என்னால எழுதிக் கொடுக்க முடியும்.

மகள்: அதை வச்சுக் கல்யாணம் பதிவு பண்ணுவாங்களா?

எழுத்தர்: மாட்டாங்க. முதல் கல்யாணம் முறிஞ்சதுக்கு ஆதாரம் கேப்பாங்க. இன்னொண்ணும் சொல்லிடறேன்... வர்ற திங்கட்கிழமை பழைய கட்டெல்லாம் வெளியூர்க் கிடங்குக்குப் போகுது. அங்கே இறக்கி, அடுக்கி, மறுபடி நம்பர் போட்டு... ஆறு மாசமும் ஆகும், ஒரு வருஷமும் ஆகும்.

தாய்: ஒரு வருஷமா?

மகள்: பார்த்தியா, குரல் மாறுது.

தாய்: எனக்கொண்ணும் இல்லை. இருபத்தெட்டு வருஷம் தனியா இருந்தவ. அந்த மனுஷனுக்குத்தான் அறுபத்தொன்பது... வீட்டைக் காலி பண்றேன்னு சொல்லி, மூட்டை முடிச்செல்லாம் கட்டி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.

எழுத்தர்: அப்போ யோசிச்சுச் சொல்லுங்க. இன்னைக்குள்ள நான் எழுதி முடிக்கணும்.

தாய்: ...தம்பி, அடையாள அட்டை நகல் ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா?

எழுத்தர்: ஒண்ணு போதும்மா. அதான் கொடுத்துட்டீங்களே.

தாய்: ரெண்டா இருக்கட்டும். நீ போய் எடுத்துட்டு வா.

மகள்: அதான் போதும்னு சொல்றாரே.

தாய்: போன்னா போ. வாசல்லயே கடை இருக்கு. மெதுவா வா... வெயில்ல ஓடாதே.

மகள்: முப்பத்தேழு வயசும்மா எனக்கு. ...சரி, சரி. மெதுவாவே வரேன்.

தாய்: ...போயிட்டாளா?

எழுத்தர்: படி இறங்கிட்டாங்க.

தாய்: தம்பி... என் பேர்ல பாருங்க.

எழுத்தர்: உங்க பேர்லயா?

தாய்: வழக்குப் போட்டது நான்.

எழுத்தர்: அம்மா! மூணு நாளா நான்...

தாய்: கத்தாதீங்க. மூணு நாளா இதை நாக்கு நுனியில வச்சுக்கிட்டுத்தான் நானும் நிக்கறேன். திட்டறதை அப்புறமா திட்டுங்க. அவ வர்றதுக்குள்ள போய்ப் பாருங்க. தொண்ணூத்தொண்ணு, ஆகஸ்ட்.

எழுத்தர்: இருங்க... சாவியை எங்கே வச்சேன்... வரேன்.

தாய்: ...ஹலோ. ஆமா, நான்தான். இல்லை, இன்னும் கைக்கு வரலை... வந்துடும். சாப்பிட்டீங்களா? ...மூட்டையைப் பிரிக்காதீங்க. கட்டினது கட்டினபடி இருக்கட்டும். ...அழலையே, எதுக்கு அழறேன்? தூசி. இங்கே ஒரே தூசி. வச்சிடறேன்.

எழுத்தர்: கிடைச்சிடுச்சும்மா! நூத்தி முப்பத்தாறாம் நம்பர். மூணாவது அலமாரி, கண்ணுக்கு நேரா. ரெண்டு நாளா அதுமேலதான் கை வச்சுச் சாய்ஞ்சு தும்மியிருக்கேன்.

தாய்: அப்பாடா... சீக்கிரம் நகல் எடுத்து முத்திரை போடுங்க. கவர்ல வச்சு ஒட்டியே கொடுத்துடுங்க. அவ கண்ணுல பட வேண்டாம்.

எழுத்தர்: அதுல ஒரு சிக்கல். படிவத்துல மனுதாரர் பேரை அடிச்சு, உங்க பேரை எழுதணும்.

தாய்: அடிங்க.

எழுத்தர்: நான் அடிக்கக் கூடாது. யார் கையால எழுதினாங்களோ அவங்கதான் அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போடணும். கீழே 'படிவம் எழுதியவர்'னு உங்க பொண்ணு கையெழுத்து இருக்கு.

தாய்: புதுப் படிவம் கொடுங்க. நானே எழுதறேன்.

எழுத்தர்: கண்ணாடி?

தாய்: உங்க கண்ணாடியைக் கழட்டுங்க.

எழுத்தர்: அதுக்கில்லைம்மா. புதுப் படிவம்னா புது வரிசை நம்பர். உங்களுக்கு முன்னாடி நூத்திப் பத்துப் பேர். அதுக்குள்ள திங்கட்கிழமை லாரி வந்துடும்.

தாய்: யார் வச்ச சட்டம் இது?

எழுத்தர்: நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே இருக்கு.

தாய்: நல்ல சட்டம்தான். நானும் அப்படித்தான் வச்சிருந்தேன். துணி நோட்டுல அடித்தல் திருத்தல் இருந்தா, எழுதினவ வந்து நின்னு... ஐயோ, படி ஏறி வராளே.

மகள்: இந்தா, ரெண்டு நகல். என்ன சார், முகம் பளிச்சுனு இருக்கு. கிடைச்சுதா?

எழுத்தர்: கிடைச்சது. இங்கே... இந்தப் பேரை அடிச்சு, மேலே அம்மா பேரை எழுதி, ஒரு கையெழுத்துப் போடணும்.

மகள்: பேனா கொடுங்க. இங்கேயா? ...ஆச்சு.

தாய்: ஏன்னு கேக்க மாட்டியா?

மகள்: நீ சொன்னாக் கேட்டுக்கறேன்.

எழுத்தர்: நான் வேணும்னா உள்ளே போய்...

தாய்: இருங்க தம்பி. வெளியாள் ஒருத்தர் எதிர்ல இருந்தாத்தான் நான் அழாம பேசுவேன். ...உங்கப்பா நம்மளை விட்டுட்டுப் போகலை. வழக்குப் போட்டது நான்.

மகள்: ம்.

தாய்: புருஷனை விட்டுட்டு வந்தவன்னு சொன்னப்போ மூணு வீட்டுல கதவைச் சாத்தினாங்க. நாலாவது வீட்டுல, புருஷன் விட்டுட்டுப் போயிட்டான்னு மாத்திச் சொன்னேன். ரூம் கிடைச்சது. நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னே... உன் காதுலயும் அதுதான் விழுந்தது. அப்புறம் மாத்த முடியலை.

மகள்: சரிம்மா, விடு...

தாய்: குறுக்கே பேசாதே. இன்னும் இருக்கு. மனுவுல... அவர் என்னை அடிச்சார்னு எழுதியிருக்கு.

மகள்: தண்ணி குடிச்சுட்டுச் சொல்லும்மா.

தாய்: அடிக்கலை. ஒரு நாள் கூட கை ஓங்கினதில்லை. எனக்கு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சுது. வந்த உத்தரவை வாங்கி மடிச்சு, பெட்டியில வச்சுப் பூட்டிட்டார். நான் வெளியே போனா எங்கேன்னு கேப்பார், வந்தா ஏன்னு கேப்பார். ரெண்டும் சிரிச்சுக்கிட்டே கேப்பார். மூச்சு முட்டுதுன்னு வக்கீல்கிட்ட சொன்னேன். அதெல்லாம் காரணத்துல வராதும்மா, அடிச்சாரான்னு கேட்டார். ...ஆமான்னு சொல்லிட்டேன்.

எழுத்தர்: இதுல 'எதிர்மனுதாரர் ஆஜராகவில்லை'ன்னு இருக்கே. ஒருதலைத் தீர்ப்பு.

தாய்: வந்தார் தம்பி. இந்தக் கட்டடத்து வாசல் வரைக்கும் வந்தார். என்னைப் பார்த்தார்... திரும்பிப் போயிட்டார். உள்ளே வந்து 'பொய்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு விடுதலை கிடைச்சிருக்காது.

மகள்: அப்பாவுக்கும் ஒரு நகல் போயிருக்கும், இல்லையா சார்?

எழுத்தர்: தபால்ல அனுப்பினதாக் குறிப்பு இருக்கு.

தாய்: அதான்... என்னைக்காவது உன்கிட்ட காட்டிடுவாரோன்னு. லீவுக்கு நீ அவர் வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் திரும்பி வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது.

மகள்: காட்டினார்.

தாய்: என்னது?

மகள்: எனக்கு இருபத்தோரு வயசுல. நான்தான் அவரோட சண்டை போட்டேன், ஏன் எங்களை விட்டுட்டுப் போனீங்கன்னு. எழுந்து போய் எடுத்துட்டு வந்து கையில கொடுத்தார். "இதுல இருக்கறது நடக்கலை. ஆனா நடந்ததும் சின்னது இல்லை. உங்கம்மாகிட்ட நீயா கேக்காதே, அவளாச் சொன்னாக் கேட்டுக்கோ"ன்னார்.

தாய்: ...அவரா சொன்னார்?

மகள்: அவர்தான்.

தாய்: சின்னது இல்லைன்னா சொன்னார்?

மகள்: ஆமாம்மா.

தாய்: ...பதினாறு வருஷமா உன் வாயில இதை வச்சுக்கிட்டா சுத்தினே? ஒரு ஸ்க்ரூவைப் பத்தி ஊருக்கே சொல்ற வாயி!

மகள்: நீ இருபத்தெட்டு வருஷம் வச்சிருந்தே. யார்கிட்டேயிருந்து வந்ததோ.

தாய்: அவர்... ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பாரா?

மகள்: எங்கே போகப் போறார்? இருப்பார்.

தாய்: அடிக்கலைன்னு அவர் முகத்தைப் பார்த்து நான் சொல்லணும். அவருக்குத் தெரியாததா... இருந்தாலும் என் வாயால சொல்லணும். சொல்லிட்டுத்தான் புதன்கிழமை நான் கையெழுத்துப் போடுவேன்.

மகள்: நானும் வரட்டுமா?

தாய்: தெருமுனை வரைக்கும் வா.

எழுத்தர்: ஒரு நிமிஷம்... ஒரு நிமிஷம். பதினாறு வருஷமா உங்களுக்கு எல்லாம் தெரியும். அப்போ படிவத்துல அப்பா பேரை எழுதினது?

மகள்: தெரிஞ்சேதான் சார் எழுதினேன். அம்மா பேரை எழுதியிருந்தா முதல் நாளே நகல் கிடைச்சிருக்கும்... இவங்க வாங்கி, மடிச்சு, பையில போட்டுட்டு, வாயைத் திறக்காமலே கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிருப்பாங்க. இன்னைக்கும் சொல்லலைன்னா நானே பேனாவைக் கேட்டு வாங்கி அடிச்சிருப்பேன்.

முடிவானது இவ்வளவே. சான்றிட்ட நகல் அன்று மாலை நான்கு மணிக்கு வழங்கப்பட்டது. தாய் அதை உறையிலிட்டு ஒட்ட வேண்டாம் என்று சொல்லி, மகளிடமே வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தாய் மட்டும் முன்னாள் கணவரின் வீட்டுக்குப் போவதென்றும், புதன்கிழமை பதினொரு மணிக்குத் திருமணம் பதிவாகும்போது முதல் சாட்சியாக மகள் கையெழுத்திடுவதென்றும், படி இறங்குவதற்குள் தீர்மானித்துக்கொண்டார்கள்.