கயிறு அவிழும் நாள்

பைண்டு: ...மடிச்சதையே எத்தன தடவ மடிப்ப? துணி கிழிஞ்சிடும்டி.

தென்னே: கிழியட்டும்க்கா. நோய்க் காவல்னு வீட்டச் சுத்திக் கட்டுன கயித்த இன்னிக்கு அவுத்ததும் மெத்தை, துணி எல்லாத்தயும் எரிக்கத்தான போறாங்க.

பைண்டு: எரிக்கப் போறதயா மடிக்கிற?

தென்னே: கை சும்மா இருக்க மாட்டேங்குது.

பைண்டு: நல்ல நர்சுடி நீ. நெருப்புக்குப் போற துணிகூட மடிப்பு கலையாம போகணும்.

தென்னே: நீங்க மட்டும் என்னவாம்? இந்த வெக்கைல கழுத்து வரைக்கும் போத்திக்கிட்டு...

பைண்டு: கொசு.

தென்னே: பகல்லயா?

பைண்டு: சியரா லியோன் கொசுவுக்கு ராத்திரி ஏது, பகல் ஏது. ஃப்ரீடவுன் மந்திரிங்க மாதிரி, எந்நேரமும் பசிதான்.

தென்னே: நீங்கதான் பசியில்லாம கெடக்குறீங்க. காலைல வச்ச கஞ்சி அப்படியே இருக்கு.

பைண்டு: அந்தக் கோதுமை ரவைய யார் திம்பா? வெள்ளைக்காரன் மூட்ட மூட்டயா அனுப்புறான், நம்ம குடல்தான் ஏத்துக்க மாட்டேங்குது. சோறு திங்காத நாளு பட்டினி கெடந்த நாளுதான். நீ வெளிய போனதும் ஒரு சட்டி மரவள்ளிக்கீரைக் குழம்பு வை. செம்பனை எண்ணெய் மேல மிதக்கணும்.

தென்னே: நான் போனதும்னா? நீங்களும்தான வர்றீங்க.

பைண்டு: வருவேன்... வராம? எனக்கென்ன, புருஷன் காத்திருக்கானா, புள்ள காத்திருக்கா? நீ முன்னால போ. நான் மெதுவா வர்றேன்.

தென்னே: ம்...

பைண்டு: பால் இருக்கா இன்னும்?

தென்னே: கொஞ்சம் இருக்கு. வத்திடக் கூடாதுன்னு தெனமும் பீச்சி ஊத்துறேன். மண்ணு குடிக்குது, எம் புள்ள அரிசித் தண்ணி குடிக்குது.

பைண்டு: இன்னிக்கு யத்தா குடிப்பா, பாரு. உன்னக் கடிச்சே வைக்கப் போறா. பல்லு வந்துடுச்சுன்னு உன் புருஷன் பிரிமா கத்துனானே.

தென்னே: போன ஞாயித்துக்கெழம அவரு தூக்கிட்டு வந்து கயித்துக்கு அந்தாண்ட நின்னாருல்ல... அவ என்னப் பாத்துட்டு அவர் கழுத்துல மூஞ்சிய வச்சுக்கிட்டா. யாரோன்னு நெனச்சுட்டா.

பைண்டு: முகமூடி போட்டிருந்த. எனக்கே உன்ன அடையாளம் தெரியாது.

தென்னே: முகமூடியக் கழட்டிட்டுத்தான்க்கா நின்னேன். அக்கா, ஒண்ணு கேக்கட்டா?

பைண்டு: கேளு. நிக்காம, ஒன் மூலைலயே உக்காந்து கேளு. இங்க வராத.

தென்னே: நம்மகூட இருந்த மஸ்ஸாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப நாம கையுறை போட்டுக்கிட்டா பாத்தோம்?

பைண்டு: எங்க இருந்தது கையுறை? ஆஸ்பத்திரிலயே தீந்துபோச்சு. கடைக்காரன் குடுத்த பிளாஸ்டிக் பையத்தான் கைல கட்டிக்கிட்டோம்.

தென்னே: மலேரியான்னுதான சொன்னா... நாமளும் நம்பினோம்.

பைண்டு: நம்பலடி. நம்பணும்னு ஆசப்பட்டோம். வார்டுல எபோலா வந்தவங்க எத்தன பேரு கண்ணப் பாத்திருக்கோம்? கூடத் தங்கி, ஒரே தட்டுல தின்னவ கண்ணு செவந்தப்ப மட்டும் நமக்குத் தெரியல.

தென்னே: தொட்டவங்க எல்லாருக்கும் வந்துடுமாக்கா?

பைண்டு: எல்லாருக்கும் எப்படி வரும். உனக்கு வரலயே.

தென்னே: ஒரே ஒரு தடவ தொட்டவங்களுக்கு?

பைண்டு: எதுக்கு இதெல்லாம் இப்ப?

தென்னே: சும்மா.

பைண்டு: சும்மா கேக்குற மூஞ்சியா இது? பொட்டியக் கட்டு. காய்ச்சல் கணக்கெடுக்க வாத்தியார் வர்ற நேரம்.

தென்னே: ...பின்வீட்டுல இன்னும் கயிறு கெடக்குதாம். காவல் நிக்கிற சிப்பாய் சொன்னான்.

பைண்டு: மூணாந்தரமும் ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்துடுச்சில்ல. ஒருத்தருக்கு வந்தா கூட இருக்கறவங்களுக்கும் மறுபடி ஒண்ணுல இருந்து இருபத்தொரு நாள் எண்ணணும். அதுதான சட்டம்.

தென்னே: அப்ப... யாருக்காவது லேசாக் காய்ச்சல் வந்து, அதச் சொல்லாம இருந்துட்டா?

பைண்டு: அது கூட இருக்கறவளப் பொறுத்தது. கூட இருக்கறவ கிட்டயே போகாம, தொடாம, தனி மூலைல இருந்திருந்தா அவளுக்கு ஒண்ணும் ஆகாது. அவ ஏன் அநியாயமா உள்ள கெடக்கணும்? அவளுக்கும் புள்ளகுட்டி இருக்கும்ல.

தென்னே: தொட்டிருந்தா?

பைண்டு: நாமதான் தொடலயே... யாரது வெளிய? வாத்தியாரா?

வாத்தியார்: கயித்துக்குள்ள இருக்கற சிஸ்டருங்களா, உடம்பு எப்படி?

பைண்டு: கடவுளுக்கு நன்றி, வாத்தியாரே. உங்களுக்கு?

வாத்தியார்: கடவுளுக்கு நன்றி. சாகக் கெடக்கறப்பகூட நம்ம ஜனங்க வாயில இந்த ஒரு பதில்தான் வரும். தென்னே சிஸ்டர், உங்களுக்கு?

தென்னே: ...நன்றி, வாத்தியாரே.

வாத்தியார்: என்ன, சத்தமே இல்ல? வீட்டுக்குப் போற நாள்ல இப்படியா இருக்கறது? சரி, ரெண்டு பேரும் தெர்மாமீட்டர வச்சுப் பாத்து நம்பரச் சொல்லுங்க. நான்தான் உள்ள வரக் கூடாதே.

பைண்டு: இன்னிக்காவது வந்து காப்பி குடிச்சுட்டுப் போறது.

வாத்தியார்: வேணாம்மா, எனக்கு ரெண்டு பொண்டாட்டி, ரெண்டு பேரும் என்ன வெளியதான் படுக்க வைக்கறாங்க. பள்ளிக்கூடத்த மூடி இந்த வேலைக்கு அனுப்புனாலும் அனுப்புனாங்க... பரீட்ச எழுதுறவங்களே தாளத் திருத்திக்கற கூத்த இங்கதான் பாக்குறேன்.

பைண்டு: நர்சுங்கள நம்பலன்னா வேற யார நம்புவீங்க?

வாத்தியார்: நம்பறதாலதான கயித்துக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன். ம், சொல்லுங்க.

பைண்டு: முப்பத்தாறு புள்ளி ஆறு.

வாத்தியார்: ஆஹா. வாந்தி, வயித்தால போறது, தலைவலி?

பைண்டு: ஒண்ணும் கெடயாது.

வாத்தியார்: ஏன் சிஸ்டர், உக்காந்துக்கிட்டே பேசுறீங்க? வாசலுக்கு வர மாட்டீங்களா?

பைண்டு: வயசாச்சுல்ல. முட்டி புடிச்சுக்கிச்சு. சின்னவள எழுதிக்கங்க மொதல்ல, அவ புள்ளக்காரி.

வாத்தியார்: தென்னே சிஸ்டர்?

தென்னே: முப்பத்தாறு புள்ளி நாலு.

வாத்தியார்: கடைசிக் கேள்வி. இத்தன நாள்ல ஒருத்தர ஒருத்தர் தொடலையே?

பைண்டு: அவ அந்த மூலை, நான் இந்த மூலை. தட்டுகூடத் தனித்தனி.

வாத்தியார்: தென்னே சிஸ்டரும் வாயத் தொறந்து சொல்லணும்.

பைண்டு: நாந்தான் சொல்றேன்ல...

வாத்தியார்: சரி, சரி. கோவப்படாதீங்க. தென்னே சிஸ்டர், அங்க மாமரத்தடில பாருங்க. ஒங்க வீட்டுக்காரரு விடியக்காலத்துல இருந்து நிக்கிறாராம். தெருவுல ஒருத்தரும் அவருக்குக் குடிக்கத் தண்ணி குடுக்கல. நர்சு வீட்டுக்காரனாம். நான்தான் ஒரு பாட்டில் வாங்கிக் குடுத்தேன்.

பைண்டு: தென்னே... பாருடி. புள்ளயப் பாரு. இன்னிக்குக் கைய நீட்டுறா. அழுதுகிட்டு நிக்காத. அந்த மூஞ்சியோட போனா மறுபடி பயந்துக்கும். தொடச்சுக்கிட்டுப் போ.

தென்னே: நீங்க என்ன பண்ணுவீங்கக்கா?

பைண்டு: எனக்கென்ன. கொஞ்சம் படுத்து எந்திரிச்சு... அப்புறம் நானே யாரையாவது கூப்பிட்டுக்குவேன். நீ போ.

வாத்தியார்: யாரக் கூப்பிடணும்? என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? தம்பி சிப்பாய், அந்த முடிச்ச அவுத்து விடுப்பா.

தென்னே: அவுக்காதீங்க.

வாத்தியார்: என்னம்மா?

பைண்டு: அவ ஏதோ ஒளறுறா, வாத்தியாரே. வீட்டுக்குப் போற சந்தோஷம். தென்னே, வாய மூடிக்கிட்டு நட. நான் சொன்னாக் கேப்பல்ல? ஒரு புள்ளயப் பெத்தவ நீ...

தென்னே: பெத்ததாலதான்க்கா போக முடியல. வாத்தியாரே, அக்கா சொன்ன நம்பர் பொய். ராத்திரி காய்ச்சல்ல நெனவே இல்லாம தண்ணி தண்ணின்னு அனத்துனாங்க. என்னால அந்த மூலைலயே படுத்துக் கெடக்க முடியல. தலையத் தூக்கி என் மடில வச்சு, விடியற வரைக்கும் தொடச்சு விட்டுக்கிட்டே இருந்தேன்... வெறுங்கையாலதான். அது இவங்களுக்கே தெரியாது. காலைல இருந்து நானும் சொல்லாமப் போயிடலாம்னுதான் பாத்தேன். இவங்களுக்கு ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க. என் பேருக்கு மறுபடி ஒண்ணாம் நாளுன்னு போட்டுக்கங்க. பிரிமாகிட்ட, புள்ளயத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லுங்க.