வாய்விட்டுப் படிங்கம்மா

ல, ள, ழ மூன்றும் என் வாயில் பிசகாது. அதனாலோ என்னவோ, அடுத்தவர் தப்பாகப் படித்தால் எனக்குக் காது கூசும். அதையெல்லாம் குற்றமென்று நீங்கள் எழுதிக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பெண்கள் வார்டில் ஆபரேஷனுக்கு முன்னால் சம்மதக் கையெழுத்து வாங்குவது என் வேலை. நர்ஸ் வேலையிலேயே நன்றி கெட்ட வேலை அதுதான். படிவத்தை எழுதிய புண்ணியவான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் பக்கம் முடிகிறவரை நிறுத்தமாட்டார். எனக்கே மூச்சு வாங்கும். கொஞ்சம் எளிமையாக எழுதிக் கொடுங்கள் என்று மேலே சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திட்டு மட்டும் எனக்கு. ஒருத்தி, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்பாள். சொன்னால் மாமியாருக்கு போன் போடுவாள். மாமியார் வந்து முதலிலிருந்து கேட்பார். அதற்குள் தியேட்டர் வாசலில் நின்று பெரிய டாக்டர் கத்துவார்: "அங்க என்னம்மா, ஸ்கூலா நடத்துற?"

அவர் வாயாலேயே எனக்கு வழி கிடைத்தது. படிவத்தை அவர்கள் கையில் கொடுத்து, பக்கத்துக் கட்டில்களுக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். வளர்ந்த மனுஷிக்கு நாலு பேர் முன்னால் எழுத்துக்கூட்டுவது எவ்வளவு கூச்சம் தெரியுமா? எழுத்தைப் பிடிப்பதிலேயே கவனமெல்லாம் போய்விடும். அர்த்தம் உள்ளே இறங்காது. தப்பினால் திருத்துவேன், அதட்டாமல், அன்பாகத்தான். முடிந்ததும் விட்டால் போதுமென்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். கேள்விகள் நின்றுபோயின. நோயாளிகளே படித்துக் கையெழுத்துப் போடுகிற வார்டு என்று கூட்டத்தில் எங்களைப் பாராட்டினார்கள்.

அப்படி வார்டுக்கு வந்த தையல்காரி ஒருத்திக்குக் கர்ப்பப்பையில் கட்டி. கல்யாணமாகி வெகுநாளாகப் பிள்ளையில்லை. கட்டியை எடுத்துவிட்டால் பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கையில் வந்திருந்தாள். ரத்தம் எடுக்கும்போது சொன்னாள்: "ஊருக்கெல்லாம் தைக்கறேன் சிஸ்டர். எனக்குன்னு ஒரு சின்னச் சட்டை தைக்க கை பரபரங்குது." நானும் சிரித்தேன். நல்ல பெண்.

அன்று சாயங்காலம் ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னார்: "கட்டிய மட்டும் எடுக்க முடியும்னு தோணல. கர்ப்பப்பையோட எடுக்க வேண்டி வரும். விவரம் சொல்லிக் கையெழுத்து வாங்கிடு." அவள் உயிருக்கு உடனே ஆபத்து ஒன்றும் இல்லை. வேறொரு டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போயிருக்கலாம். போயிருப்பாள். அது எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அலுத்துப்போயிருந்தது. இன்னொரு அழுகை, இன்னொரு போன், தியேட்டர் வாசலில் இன்னொரு கத்தல். நானும் மனுஷிதானே.

காலையில் படிவத்தைக் கொடுத்தேன். விரல் வைத்துப் படித்தாள். "தேவை நேரின் கருப்பையை முழுமையாக அகற்றுவதற்கும்" என்ற இடத்தில் நாக்குத் தடுக்கியது. திருத்தினேன். திருப்பிச் சொன்னாள். முடித்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"சரியாப் படிச்சேனா சிஸ்டர்?"

"ஜோராப் படிச்சீங்க."

தையல் பிரித்த அன்று, எப்போதிலிருந்து குழந்தைக்குப் பார்க்கலாம் என்று என்னிடம் கேட்டாள். கர்ப்பப்பையையே எடுத்துவிட்டதை அதுவரை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. நான்தான் சொன்னேன். படித்துத்தானேம்மா கையெழுத்துப் போட்டீங்க என்றும் சொன்னேன். அவள் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இவ எதுவுமே கேக்கலையா?" என்றார். இல்லை என்றேன். அவர் நம்பினார். அவளோ தன் அரைகுறைப் படிப்பைத் திட்டித் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

உங்களிடம் மறைப்பானேன். அந்த வரியில் அவள் விரல் நின்றது. நிமிர்ந்து பார்த்து, "சிஸ்டர், பையவே எடுத்துடுவாங்களா?" என்றாள். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். "மொதல்ல தப்பில்லாமப் படிச்சு முடிங்கம்மா, அப்புறம் கேக்கலாம்" என்றேன்.

தப்பில்லாமல் படித்து முடித்தாள். அப்புறம் அவள்தான் கேட்கவில்லை.