ஷீட் ஓரத்தில் அடித்த பாயிண்ட் பட்டியல்

பெயர்: தனுஷ்கோடி. வயது: 28. தந்தை பெயர்: நாகையா. விலாசம்: வடக்குத் தெரு, விஸ்வநத்தம். தொழில்: சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் டி.டி.பி. ஆபரேட்டர். நாள்: 7.10.2007, ஞாயிறு காலை 10 மணி. நாரணாபுரம் பட்டாசு ஆலை உரிமையாளர் கனகசபாபதி கொடுத்த மனு மீதான காவல் நிலைய விசாரணையில் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் தாய் தந்தையருடன் குடியிருந்து வருகிறேன். ஆறு வருடமாக மேற்படி அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். கனகசபாபதி அவர்களின் ஆலைக்கு வேண்டிய பெட்டி லேபிள்கள் எங்கள் அச்சகத்தில்தான் அச்சாகின்றன. அவருடைய மகன் மணிகண்டராஜின் போட்டோவைத் தலைகீழாக அச்சடித்து, கீழே 'கடைசி இடம்' என்று போட்டு, அவர்கள் கம்பெனிப் பெட்டிகளிலேயே அது ஒட்டப்பட்டு வெளியூர் போகும்படி நான் திட்டமிட்டுச் சதி செய்ததாக மனுவில் கண்டிருக்கிறது. போட்டோ தலைகீழாக அச்சானது உண்மை. பெட்டியில் ஒட்டப்பட்டதும் உண்மை. சதி என்பது பொய். மனு முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். சதிகாரன் என்ற பெயர் நின்றுவிட்டால் சிவகாசியில் வேறு எந்த அச்சகமும் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார விடாது.

மணிகண்டராஜும் நானும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். பதினோரு வருடப் பழக்கம். 2005-ம் வருடம் முதல் நான், மணிகண்டராஜ், தீப்பெட்டி ஆலை வேன் ஓட்டும் பலவேசம், பிரவுசிங் சென்டர் நடத்தும் சுகிர்தா, இன்னும் இருவர் ஆக ஆறு பேர் கால்பந்து லீக் ஒன்று நடத்தி வருகிறோம். இதில் நாங்கள் யாரும் பந்தைத் தொடுவதில்லை. இங்கிலாந்து லீக்கில் ஆடுகிறவர்களில் ஆளுக்குப் பதினோரு பேரைப் பொறுக்கி எழுதி, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் செயலாளரிடம் தர வேண்டும். அந்தப் பதினோரு பேர் அந்த வார ஆட்டங்களில் கோல் போட்டால், கோல் தடுத்தால் நமக்குப் பாயிண்ட். நேரத்துக்குத் தராதவருக்கு அந்த வாரம் பூஜ்யம். பணம் வைத்து ஆடுவதில்லை என்பதை இன்ஸ்பெக்டர் ஐயா அவர்கள் மூன்று முறை கேட்டதற்கு மூன்று முறையும் சொல்லியிருக்கிறேன்.

செயலாளர் நான். வேறு யாரும் முன்வராததால் நான். பலவேசம் வாராவாரம் கால் முறிந்து படுத்திருக்கிற ஆட்டக்காரனாகப் பார்த்து எழுதித் தந்துவிட்டு, ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருவார். சுகிர்தா நெட்டில் பார்த்து வாராவாரம் முதலிடம் பிடித்தால், மற்றவர்கள் நான் அவருக்குச் சாதகமாகக் கூட்டிப் போட்டதாகச் சொல்வார்கள். திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் எனக்குக் கூட்டல் கழித்தலிலேயே போகும். ஒருத்தர்கூட இதுவரை நன்றி என்று சொன்னதில்லை.

பாயிண்ட் பட்டியலை அச்சடித்துத் தர வேண்டும் என்று ஆரம்பித்தது மணிகண்டராஜ்தான். ஒரு ஷீட்டில் பதினைந்து லேபிள் அடித்தது போக ஓரத்தில் சரியாக ஒரு லேபிள் அளவு காலி இடம் மிஞ்சும். அதில் சொந்த உபயோகத்துக்கு எதையாவது சேர்த்து அடித்துக்கொள்வது எல்லா அச்சகத்திலும் உள்ள வழக்கம். எங்கள் முதலாளி வீட்டுக் காதுகுத்து அழைப்பிதழே அப்படி அடித்ததுதான். கடைசி இடத்தில் இருப்பவர் போட்டோவைத் தலைகீழாகப் போட வேண்டும் என்ற விதியையும் போன வருடம் மணிகண்டராஜே கொண்டுவந்தான். அப்போது கடைசியில் இருந்தவர் பலவேசம். எல்லோரும் சிரித்தோம், பலவேசம் மட்டும் சிரிக்கவில்லை.

இந்த வருடம் முதல் மூன்று வாரம் மணிகண்டராஜ் முதலிடத்தில் இருந்தான். அதன் பிறகு இறங்க ஆரம்பித்து, செப்டம்பர் 17-ம் தேதி திங்கட்கிழமைப் பட்டியலில் கடைசிக்கு வந்துவிட்டான். மறுநாள் செவ்வாய்க்கிழமை அவர்கள் கம்பெனி லேபிள் புரூஃபை, அதாவது அச்சுக்கு முந்திய மாதிரித் தாளை, சரிபார்க்க அச்சகத்துக்கு வந்தான். தீபாவளி சீசன் லேபிள் ஆர்டர் முழுவதையும் பார்த்துக்கொள்ளும்படி அவனுடைய அப்பா அவனிடம் விட்டிருந்தார். அது அவனுக்கு அவர் கொடுத்த முதல் பொறுப்பு. வந்தவன் பதினைந்து லேபிளில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தில் தன் தலைகீழ் போட்டோவோடு இருந்த பட்டியலைத்தான் பார்த்தான். தன் கோல்கீப்பர் பெனால்டி தடுத்ததற்கு இரண்டு பாயிண்ட் சேரவில்லை என்று நாற்பது நிமிடம் வாதாடினான்.

"ரெண்டு பாயிண்டு சேத்தாலும் நீ கடைசிதானலே, உனக்கு மேல இருக்கவன் அம்பத்தெட்டுல நிக்கான்" என்று சொன்னேன்.

அதற்கு அவன், "கடைசின்னாலும் நாப்பத்தொண்ணோட கடைசியா இருக்க மாட்டேன்லே, நாப்பத்திமூணோடதான் இருப்பேன்" என்றான்.

அதன் பிறகு அவனே சிவப்புப் பேனாவால் 41-ஐ அடித்து 43 என்று எழுதி, அதன் கீழேயே ஓகே என்று போட்டுக் கையெழுத்தும் தேதியும் போட்டான். நான் திருத்தி அச்சுப் பிளேட் போட அனுப்பினேன். மூவாயிரம் ஷீட் ஓடியது.

வழக்கமாகக் கட்டிங் மெஷினில் நிற்பவர் சோலைமலை. ஓரத்துப் பட்டியலைத் தனியாக எடுத்து, எங்களுக்கு ஆறு தாள் வைத்துவிட்டு மற்றதைக் கழிவில் போட்டுவிடுவார். 20-ம் தேதி அவர் ஏழாயிரம்பண்ணையில் ஒரு விசேஷத்துக்காக லீவில் போயிருந்தார். அன்று மாற்றாக வந்தவர் பதினாறையும் லேபிள் என்று நினைத்து ஒன்றாகக் கட்டிவிட்டார். அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். வேலை மும்முரத்தில் சொல்லவில்லை. இது என் கவனக்குறைவு, ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு ஆலையில் பெட்டி ஒட்டும் மாரிசெல்வி என்பவர், "அது பரிசுத் திட்டம்னு நெனச்சு ஒட்டிட்டோம்ணே, தலகீழா இருக்கவுக யாருன்னு கண்டுபிடிச்சா பரிசுன்னு நெனச்சோம்" என்று சொன்னதாக அறிகிறேன்.

அக்டோபர் 3-ம் தேதி சேலத்துக் கடைக்காரர் ஒருவர் கனகசபாபதி அவர்களுக்குப் போன் செய்து, 43 பாயிண்டுக்கு என்ன பரிசு என்று கேட்டிருக்கிறார். மறுநாள் என் மீது மனு கொடுக்கப்பட்டது. புரூஃபில் அந்தப் பட்டியலே இல்லை, பின்னால் நான் திருட்டுத்தனமாகச் சேர்த்துவிட்டேன் என்று மணிகண்டராஜ் தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அவன் கையெழுத்துப் போட்ட புரூஃப் அப்போது என் வசம் இருந்தது. அதை எடுத்து நீட்டினால் நான் தப்பிப்பேன், ஆனால் முதல் பொறுப்பையே பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் என்று அவனுடைய அப்பா முன்னால் அவன் நிற்க வேண்டியிருக்கும். அதனால் வெள்ளிக்கிழமை விசாரணையில் புரூஃப் தொலைந்துவிட்டது என்று சொன்னேன். வீட்டில் அம்மா என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

நேற்று சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு இதே நிலையத்தில் அவனையும் என்னையும் எதிரெதிரே உட்கார வைத்து, இவரை உங்களுக்கு எப்படிப் பழக்கம் என்று ஐயா அவர்கள் கேட்டார்கள். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "பிரஸ்ஸுல வேல பாக்குறவருன்னு தெரியும், மத்தபடி பழக்கம் கெடையாது" என்றான். அவனுடைய அப்பா பக்கத்தில் இருந்தார். இவனுடைய ஒரு பெனால்டிக்காக என் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்தவன் நான். அதன் பிறகு ஒரு காவலரோடு வீட்டுக்குப் போய்ப் புரூஃபை எடுத்து வந்து ஒப்படைத்தேன். அதைப் பார்த்ததும் கனகசபாபதி அவர்கள் எழுந்து வெளியே போனார்கள். மணிகண்டராஜ் மாலை வரை அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

கடைசியாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இது விசாரணையில் வேறு யார் மூலமாகவும் வரலாம். நேற்று நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பலவேசம் போன் செய்து எல்லோருடைய டீமும் வந்துவிட்டதா என்று கேட்டார். மணிகண்டராஜ் மட்டும் தரவில்லை. விதிப்படி அவனுக்குப் பூஜ்யம். நான் நிலையத்து வாசலில் நின்று, அவன் போன வாரம் கொடுத்த டீமையே இந்த வாரமும் கொடுத்திருப்பதாகச் சொல்லிப் பதிவு செய்துவிட்டேன். சுகிர்தா இன்று காலை ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார். அவர் சொல்வது நியாயம். லேபிள் விஷயத்தில் நான் வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. புரூஃப் தொலைந்ததாகச் சொன்னதையும் இதையும்தான் தெரிந்தே செய்தேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியேதான் இருக்கிறது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்லி, அறிந்தே கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) நா. தனுஷ்கோடி