அளந்துகொண்டு வருகிறவர்

உச்சி வெயில். இடைக்காட்டு ரோட்டு. இரண்டு பக்கமும் தோட்டம். தண்ணீர் இறைக்கிற மெஷின்கள்கூட நின்றுவிட்ட நேரம்... கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஆளில்லை. ஒரு பெண் மட்டும் தனியாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டு போகிறாள்.

ஏன் சிரிக்கிறீர்கள்? பேய் இருட்டில்தான் வரும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. அந்த விளக்கைக் குறையுங்கள், எண்ணெய் வீணாகிறது. கிட்ட வாருங்கள்.

அந்தப் பெண் பத்மாசினி. என் நண்பன் நமசிவாயத்தின் தங்கை. இப்போது கொழும்பில் இருக்கிறாள். அவளிடம் கேட்டால் வாய் திறக்க மாட்டாள். நமசிவாயம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு. கரண்ட் இருந்த காலம். சண்டையில் இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டிக் கொடுப்பதற்கு அச்சுவேலியில் ஒரு கந்தோர் இருந்தது. வாடகை வீடு ஒன்றுதான் ஆபீஸ். உள்ளறையில் ஒரு கொம்பியூட்டர். வீட்டுப் படம் கீறுவதற்கென்று கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. அதில் முதலில் வேலை செய்தவர் முத்துக்குமாரு. ஒருநாள் காலை புத்தூரில் ஒரு வீட்டை அளக்கப் போனார். திரும்பி வரவில்லை. யார் பிடித்தார்கள், என்ன நடந்தது... ஒருவருக்கும் தெரியாது. அந்த நாளில் அப்படிப் போனவர்கள் பலர்.

அவருடைய கதிரைக்கு வந்தவள்தான் பத்மாசினி.

முத்துக்குமாருவின் மனைவி குணலட்சுமி வெள்ளிதோறும் கந்தோருக்கு வருவாள். நெற்றியில் குங்குமம் பளிச்சென்று இருக்கும். வாசலிலேயே நின்று கேட்பாள்.

"ஏதும் அறிஞ்சனீங்களே?"

"இல்லை, அக்கா."

"சரி... நான் வாறன்."

அவ்வளவுதான். பத்மாசினிக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது.

ஒருநாள் இஞ்சினியர் இராசநாயகம் அவளைக் கூப்பிட்டார். "பிள்ளை, மூலப்படம் திறக்கவே தேத்தண்ணி ஆறிப்போகுது. முத்துக்குமாரு போட்ட தேவையில்லாத லேயர், எழுத்து வகை எல்லாம் உதுக்குள்ளை கிடக்கு. துடைச்சுப்போட்டுச் சுத்தமா ஒண்டு செய்து தாரும். சனம் வீடில்லாமல் நிக்குது."

லேயர் என்றால் உங்களுக்கு விளங்க வேண்டுமே. கண்ணாடித் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினது போல. சுவர் ஒரு தாளில், கதவு யன்னல் இன்னொன்றில், எழுத்து வேறொன்றில். எல்லாம் சேர்ந்துதான் ஒரு படம். அந்த மூலப்படத்தை வைத்துத்தான் ஒவ்வொரு வீட்டையும் கீறத் தொடங்குவார்கள்.

பத்மாசினி ஒவ்வொன்றாக அழித்தாள். ஒன்று மட்டும் அழியவில்லை. அதன் பெயர் 'எம்'. ஒற்றை இங்கிலீஷ் எழுத்து. அதில் ஏதோ கீறியிருக்கிறது, அழிக்க முடியாது என்று மெஷின் சொன்னது. மற்ற எல்லாவற்றையும் மறைத்துப் பார்த்தாள். திரை கறுப்பாக இருந்தது. படத்தைத் தள்ளித் தள்ளிப் போனாள்... எங்கேயோ ஒரு மூலையில் சின்னப் புள்ளி. கிட்டக் கொண்டுவந்தால், ஒரு வீடு. வாசல் படலை, கிணறு, இடிந்த குசினி. எல்லாவற்றுக்கும் அளவு போட்டிருந்தது.

இராசநாயகம் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"உது புத்தூர் வீடெல்லே... உதை அளக்கத்தானே போனவன். ஆள் திரும்பி வரேல்லை. அளவு மட்டும் எப்பிடி வந்தது?"

அழிக்கச் சொன்னார். அழித்தாள். கீறியிருந்ததைத் துடைத்ததும் லேயரும் போய்விட்டது.

அடுத்த நாள் மத்தியானம்... அறையில் அவள் மட்டும். விசைப்பலகையில் கை வைக்கவில்லை. டிஸ்க் தானாகச் சுற்றியது. கட்... கட்... கிர்ர்ர். பூட்டிய அறைக்குள் ஈர மண் வாசம். படத்தைத் திறந்து பார்த்தாள். 'எம்' திரும்ப வந்திருந்தது. அதே வீடு. பக்கத்தில் இப்போது ரோட்டும் ஒரு மதகும்.

அழித்தாள். மறுநாள் மதகைத் தாண்டி ஒரு வைரவர் கோயில். அதற்கு அடுத்த நாள் கூரையில்லாத கடை.

பத்மாசினிக்குப் புத்தூர்தான் ஊர். தினமும் அந்த ரோட்டால்தான் வேலைக்கு வருவாள். படத்தில் இருந்த ஒவ்வொன்றையும் அவளுக்குத் தெரியும். முந்தின நாள் படம் எந்த இடத்தோடு நின்றதோ, காலையில் அந்த இடத்தைத் தாண்டும்போது கால் தானாக வேகமாக மிதிக்கும். திரும்பிப் பார்க்க மாட்டாள். இரவில் படுத்தால் நித்திரை இல்லை. நாளைக்கு எது வரை வரும் என்றே மனம் கணக்குப் போடும். இராசநாயகத்திடம் சொன்னாள். அவர் மெஷினில் பழுது என்றார். ஆனால் மத்தியானமானால் அவரும் அந்த அறைக்குள் வருவதில்லை.

ஒருநாள் படத்தில் கந்தோரே வந்தது. படலை, படி, முன்னறை, உள்ளறை. அவள் இருந்த மேசை. கதிரை... அவள் மூச்சுப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பின்னால் திரும்பவில்லை. ஈர மண் வாசம் கழுத்துக்குக் கிட்ட வந்து, நின்று, போனது.

மறுநாள் கோடு கந்தோரைத் தாண்டி இடைக்காட்டு ரோட்டில் திரும்பியிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. குணலட்சுமியின் வீடு இடைக்காட்டில்.

அந்த வெள்ளிக்கிழமை குணலட்சுமி கந்தோருக்கு வரவில்லை. மத்தியானம் டிஸ்க் சுற்றியது. படத்தில் ஒரு பனைமட்டை வேலி, மண் வீடு ஒன்றின் முன்பக்கம். பின்பக்கம் இன்னும் கீறவில்லை. பத்மாசினி சைக்கிளை எடுத்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. உங்கள் மனுசன் வருகிறார் என்றா? உயிரோடு இல்லை என்றா?

வீட்டுப் படலை திறந்திருந்தது. முற்றத்தில், சுவர் மூலையோடு குணலட்சுமி நின்றாள். கையை நீட்டி எதையோ பிடித்திருந்தாள். அளவு நாடாவின் நுனி. நாடா சுவரோரமாகப் போய், மூலையில் திரும்பி, வீட்டின் பின்பக்கம் மறைந்தது.

"வாரும், பத்மாசினி. கை உளையுது. இதை ஒருக்காப் பிடியும்."

"ஆருக்கு, அக்கா?"

"அவர் அந்தப் பக்கம் நிக்கிறார்."

வாங்கிப் பிடித்தாள். நாடா விறைத்தது... மறுபக்கத்திலிருந்து யாரோ இழுத்துப் பிடித்தார்கள். பிறகு இரண்டு முறை சின்னதாக வெட்டி இழுத்தார்கள். அளவு எடுத்தாயிற்று என்று காட்டுகிற மாதிரி.

பத்மாசினி பயத்தில் தன் பக்கம் இழுத்தாள். நாடா இலேசாக வந்தது. கைக்குக் கை மாற்றி இழுத்தாள். காலடியில் குவிந்தது. நூறடி என்ற எண் விரலைத் தாண்டிப் போனது. நாடா அதோடு முடிய வேண்டும். முடியவில்லை. எண் இல்லாமல், ஈரமாக, சில்லென்று... வந்துகொண்டே இருந்தது.

"இழுக்காதையும் பிள்ளை," என்றாள் குணலட்சுமி. குரலில் பதற்றமே இல்லை. "விட்டிடும். அவர் இன்னும் கனதூரம் வரவேணும்."

விட்டாள். குவிந்து கிடந்த நாடா மண்ணில் சரசரவென்று ஊர்ந்து, மூலையில் திரும்பிப் போனது. மெதுவாக. யாரோ அந்தப் பக்கம் இருந்து சுற்றுவது போல.

அதோடு அவள் கந்தோர்ப் பக்கம் போகவில்லை. அடுத்த நாள் காலை நமசிவாயம் போய் அந்த வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்தான். வேலி. வேலிக்கு அப்பால் வெங்காயத் தோட்டம். முந்தின நாள்தான் தண்ணீர் கட்டியிருக்கிறார்கள். அந்த ஈரச் சேற்றில், வரம்புகளையும் வெட்டிக்கொண்டு, அடிமட்டம் வைத்துக் கீறினது போல ஒரு கோடு... நேராகப் புத்தூர்ப் பக்கம் போனது.

காலடி ஒன்றுகூட இல்லை.