மூணு மாசமா முனகுற பியானோ

...பியானோ மேல தப்பே இல்லீங்க. என் மச்சான் கைதான் காரணம். முதல்லயே சொல்லிடறேன், நீங்க வீணா கழட்டிப்போட்டு சிரமப்பட வேண்டாம். ரிப்பேருக்கு உங்களைக் கூப்பிட்டது கிளப் செயலாளரோட பிடிவாதம்.

அந்த இடது கோடிக் கட்டையத் தட்டுங்க... ஙொய்ங்னு கேக்குதா? காதுல கொசு பூந்த மாதிரி. மூணு மாசமா இதான். நாளைக்கு எதிர்த்தெரு கிளப்காரங்களோட பாட்டுப் போட்டி, நம்ம ஹால்லதான். நான் பாடணும். பதினெட்டு வருஷமா, சனிக்கிழமையானா முதல் பாட்டு என்னோடது. நான் ஆரம்பிச்சதும் பாதிப்பேர் டீ குடிக்க எழுந்து போயிடுவாங்க. கண் கலங்கறத அடுத்தவன் பாத்துடக் கூடாதேன்னு கூச்சம்.

மச்சான்னா என் வீட்டுக்காரியோட அண்ணன், இங்க பியானோ வாசிக்கறவரு. நல்ல மனுஷன், ஆனா விரல் ஒவ்வொண்ணும் உலக்கை. அவர் தட்டுற தட்டுல கம்பி தளர்ந்துபோச்சுன்னு கமிட்டில சொன்னேன். இல்லவே இல்லைன்னாரு. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. 'தப்பு உங்க கை மேல இல்லேன்னா, இந்த கிளப்ல இனி நான் பாடவே மாட்டேன்'னுட்டேன். செயலாளர் உடனே நோட்டுல எழுதிட்டாரு. பன்னெண்டு பேரும் கையெழுத்து. அன்னைக்கி வராதவர் வீட்டுக்கே நோட்டு போச்சுன்னா பாத்துக்கோங்க. என் மேல அவ்வளவு அக்கறை.

அன்னைலேர்ந்து மச்சான் வீட்டுப் பக்கம் வர்றதில்ல. வீட்டுக்காரி என்னோட பேசறதில்ல. ஏற்கெனவே, எனக்குச் சர்க்கரைன்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து, இந்த மூணு மாசமா, ஒரு பிஸ்கட்டக்கூட கண்ணுல காட்டறதில்ல...

ஐயோ, கீழ்ப்பலகை வேணாங்க. அங்க தூசிதான். மேல பாருங்க. பாத்தாச்சா? சரி, பின்பக்கம்... அந்தத் திருகு துருப்பிடிச்சது, கையக் கிழிச்சிடும், சொன்னாக் கேளுங்க...

அது... அது டப்பா. ஆமா, சுத்தியிருக்கறது என் கைக்குட்டைதான். பண்டத்த அலமாரில வச்சா இந்த கிளப்ல மிஞ்சுமா, நீங்களே சொல்லுங்க. அதுக்காக ஒரு தகர டப்பா போயி...

டப்பாவ வெளிய எடுத்துட்டீங்களா? இருங்க, கட்டையத் தட்டாதீங்க. தட்டிட்டீங்களா. சுத்தமா கேக்குதே. இன்னொரு தடவை... ம்.

எலின்னு சொல்லிடலாமே. பெரிய எலி. பிஸ்கட் எடுத்துக்கோங்க, கிரீம் வச்சது. ரெண்டா எடுத்துக்கோங்க.

கதவுகிட்ட யாரு? செயலாளரா? நோட்டோடயா வந்திருக்காரு? பின்னாடி கமிட்டிக்காரங்க எல்லாரும் ஏன் கட்டிப் பிடிச்சுக்கறாங்க?

மச்சான், நீங்களும் இருக்கீங்களா... உள்ள வாங்க. உக்காந்து வாசிங்க. உங்க கை மேல ஒண்ணுமில்ல.

நானா? நான் எழுந்து டீ குடிக்கப் போறேன். சர்க்கரை இல்லாம.