மடியில் இருந்த ஊசி மூட்டை

"பனியன் மெசின் ஊசியெல்லாம் புடுங்கிட்டனுங்க. இனி அது வெறும் இரும்புங்க."

காங்கேயம் பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் இப்படிச் சொன்னார். மடியில் ஒரு துணிமூட்டை. அவர் சட்டையிலிருந்து கிளம்பிய பஞ்சுத் தூசி காலை வெயிலில் மெல்ல நீந்தியது.

பக்கத்தில் இருந்தவர் வக்கீல் குமாஸ்தா. "ஏனுங்க, நல்லா ஓடற பனியன் மெசினயா பிரிச்சீங்க?"

"கட்டடத்துக்காரர், மெசின் போட்டிருக்கற வாடகைச் செட்டக் காலி பண்ணச் சொல்றாருங்க. தகராறு வந்தா மத்தியஸ்தர் சொல்றதுதான் முடிவுன்னு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கனுங்க. அவரும் காலி பண்ணுன்னுட்டாரு. ஊசிய தங்கச்சி ஊட்டுல வெக்கப் போறேன்."

"மத்தியஸ்தர் யாருங்க?"

"கட்டடத்துக்காரர் மச்சானுங்க."

குமாஸ்தா சிரித்துவிட்டார். "மச்சானோ மாமனோ, வாடகைக்காரரக் காலி பண்ணச் சொல்றது மத்தியஸ்தர் கையில இல்லீங்க. என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. வாடகைக் கோர்ட்டுதான் சொல்லோணும்."

"அப்ப நான் கோர்ட்டுக்குப் போகோணுங்களா?"

"காலி பண்ண வெக்கோணும்னா கட்டடத்துக்காரர் போகட்டுங்க. நீங்க மெசின ஓட்டுங்க."

மெசின்காரர் மூட்டையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "நேத்துக் கழட்டறப்ப மெசினத் தொட்டுக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டனுங்க."

"இன்னைக்கு, அவசரப்பட்டதுக்கு இன்னொருக்கா கேட்டுக்கங்க."

அடுத்த நிறுத்தத்தில் அவர் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார். தூசி மட்டும் வெயிலில் மிதந்தது.

"காங்கேயத்துக்கு டிக்கெட் எடுத்தீங்களே?" என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டுங்க. திரும்பிப் போய் மெசின்ல ஊசி கோக்கோணும்."