கொடிக்கம்பத்தைச் சுற்றிய சைக்கிள்: தலைமையாசிரியர் அமுதவல்லி அம்மையாருக்கு

வேம்பன்விடுதி அரசு உயர்நிலைப் பள்ளியின் விடிவெள்ளியே! கணக்குக் கடலில் தத்தளித்த பிள்ளைகளைக் கைபிடித்தும், கைக்குச் சிக்காதவர்களைக் காதைப் பிடித்தும் கரைசேர்த்த கணக்கரசியே! பார்வை ஒன்றாலேயே பிரம்பைப் பழங்கதையாக்கிய பேராசானே! மணியடிப்பவருக்கே மணி சொல்லும் மாண்பே! பணிநிறைவு காணும் அமுதவல்லி அம்மையாரே! வணங்குகிறோம்.

பாராட்டு மடல் என்றால் புகழ மட்டுமே வேண்டுமாம். அந்த வேலையை முதல் பத்தியோடு முடித்துக்கொண்டோம். இனி அவையோருக்குத் தங்கள் கதையைச் சொல்லப் போகிறோம். வாசித்து முடியும்வரை தாங்கள் சிவப்புப் பேனாவைத் திறக்காதிருக்க வேண்டுகிறோம்.

அவையோரே! சென்ற ஆண்டு நம் பள்ளிகளுக்கெல்லாம் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து இரண்டு இலக்குகள் வந்தன. பிறர் நிலை உணர்தல் ஒன்று, வாழ்நாள் முழுதும் கற்றல் மற்றொன்று. சுற்றறிக்கையைப் படித்த அம்மையார் கேட்ட முதல் கேள்வி, “இத எத்தன பீரியடுல முடிக்கணும்?” என்பதுதான். முடிக்கவும் முடித்தார். அந்த வாரமே பிறர் நிலை உணர்தலுக்கு ஒரு டெஸ்ட் வைத்து, தேறாதவர்களை ஈவு இரக்கமில்லாமல் வராந்தாவில் நிற்க வைத்தார். ‘இதுகூடத் தெரியாதா?’ என்பது அவருடைய தாரக மந்திரம். அதைக் கேட்டுக் கேட்டே பிள்ளைகள் சந்தேகம் கேட்பதை விட்டுவிட்டார்கள். ஆசிரியர்களாகிய நாங்களும்தான் விட்டுவிட்டோம்.

பிறகு இலக்கு நாள் விழா வந்தது. எங்கள் ஓவிய ஆசிரியர் ஜெபக்குமார் நிகழ்ச்சி நிரலை அச்சடித்தே கொண்டுவந்துவிட்டார். அதில் முதல் வரி: ‘சைக்கிள் பேரணியைத் தலைமையேற்று ஓட்டிவருபவர், தலைமையாசிரியர்.’ ஓட்டத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொண்டு, பெண்கள் கூட்டங்கூட்டமாக ரோட்டில் இறங்கிய புதுக்கோட்டை மண் இது. அந்தத் தலைமுறைப் பெண்மணியிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்டால் அவமரியாதை அல்லவா!

ஆனால் அம்மையாருக்குத் தெரியாது. அன்று ஊர்ப் பெண்கள் சைக்கிள் பழக வந்து கூப்பிட்டபோது, பி.எட். புத்தகத்திலிருந்து தலை நிமிராமல், “எனக்கு வேற வேல இல்லயா?” என்று அனுப்பிவிட்டவர் அவர். இப்போது ‘தெரியாது’ என்று சொல்லலாம்தான். சொன்னால், எல்லாம் தெரிந்தவர் என்று இத்தனை ஆண்டுகள் கட்டிக்காத்த பெயர் என்னாவது? நோட்டீசைப் பார்த்தார், “ம்” என்றார். அந்த ஒரு ‘ம்’மில் வந்தது வினை.

மறுநாள் மாலை ஒன்பதாம் வகுப்பு ஹரிணி வீட்டுக்குக் கிளம்பினால், அவள் சைக்கிள் நிறுத்திய இடத்தில் இல்லை. பள்ளிக்குப் பின்னால் வேலியோரமாக, தலைமையாசிரியர் அதைக் கன்றுக்குட்டியைப்போல் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார்.

“டீச்சர், அது என் சைக்கிளு.”

“தெரியும். பிரேக்கு சரியா இருக்கான்னு பாத்தேன்.”

“ஏறிப் பாத்தாத்தானே டீச்சர் தெரியும்?”

அம்மையார் இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்தார். “ஏறத் தெரியாதுடி. யாருகிட்டயும் சொல்லிறாத.”

அன்று தொடங்கியது பாடம். கணக்கென்றால் காய்ச்சல் வரும் பிள்ளை ஹரிணி. சைக்கிள் என்று வந்ததும் அப்படியே இன்னொரு அமுதவல்லி! “கீழ பாக்காதீங்க டீச்சர், முன்னாடி பாருங்க! அங்கிட்டு சாயாதீங்க!” ஒருநாள் அம்மையார் மறுபடி பெடலைத் தவறவிட, பிள்ளை வாய்தவறி, “நேத்துத்தானே சொன்னேன், இதுகூடத் தெரியாதா?” என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது. அம்மையாருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அந்த வார்த்தை எதிர்ப்பக்கமிருந்து வந்தால் எப்படிச் சுடும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம். விழுந்து அடிபட்ட முழங்காலைப் பற்றி நாங்கள் கேட்டபோது, குளியலறையில் வழுக்கிவிட்டது என்றார். நாங்களும் நம்பித் தைலம் வாங்கிக் கொடுத்தோம்.

விழா நாளும் வந்தது. பேரணிக்கு முன்னால் அம்மையார் நேர்கோட்டில் ஓட்டிவந்த அழகே அழகு! மைதானத்துக்குள் நுழைந்தார். கொடிக்கம்பத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடியும் சுற்றினார். ஏறக் கற்ற மகராசி இறங்கக் கற்கவில்லை என்பது எங்களுக்கு எங்கே தெரியும்? தலைமையாசிரியரே சுற்றுகிறாரே என்று பின்னால் வந்த பிள்ளைகளும் சுற்றினார்கள். கொடிக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்து, மேடையிலிருந்த கல்வி அதிகாரி விறைப்பாக எழுந்து நின்றார். அவர் எழுந்ததால் மைதானமே எழுந்து நின்றது. ஹரிணி ஓடிப்போய்ப் பின் கேரியரைப் பிடித்து நிறுத்தியதால் பேரணி அன்றே முடிந்தது.

அதிகாரி மைக்கைப் பிடித்தார். “அறிவொளிக் காலத்து வீராங்கனையப் பாருங்க! மேடம், அன்னைக்குச் சைக்கிள் கத்துக்கிட்ட அனுபவத்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க.”

தலையை ஆட்டியிருந்தால் போதும். பெயரும் நின்றிருக்கும், பொன்னாடையும் வந்திருக்கும். அம்மையார் மைக்கை வாங்கிக்கொண்டு ஹரிணி நின்ற பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: “அன்னைக்குக் கத்துக்கலங்க சார். போன மாசந்தான் கத்துக்கிட்டேன். ஒன்பதாங் கிளாஸ் ஹரிணிதான் சொல்லிக் குடுத்தா. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது.”

எங்களுக்குக் கண் கலங்கியது; சொல்வதில் என்ன வெட்கம்!

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் பாடத்தை முடித்து, வழக்கம்போல், “புரியாதவங்க யாரு?” என்றார். ஹரிணி எழுந்தாள். “டீச்சர், எனக்கு ஆறாங் கிளாஸ்லேருந்தே பின்னம் புரியல.” அவளைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளை எழுந்தது. கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

“ஏண்டி இத்தன நாளா சொல்லல?”

“கேட்டா திட்டுவீங்க டீச்சர்.”

வகுப்பில் நாற்காலியையே தொடாதவர் அன்று உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, கரும்பலகை முழுவதையும் அழித்தார். “சரி, ஆறாங் கிளாஸ்லேருந்தே வருவோம்” என்றார். அன்று முதல் மாலைதோறும் அந்த வகுப்பு நடந்தது.

அம்மையாரே! அந்தப் பிள்ளைகள் இப்போது பத்தாம் வகுப்பு. இன்று காலையில் பூமாலை கட்டிக்கொண்டிருந்த எங்களிடம் வந்து ஒன்று கேட்டார்கள்: “டீச்சர் போயிட்டா, தெரியலன்னு இனிமே யாருகிட்டப் போயிச் சொல்றது?” பட்டம் பல பெற்ற நாங்கள் மறுபடியும் மாலை கட்டுவதில் மும்முரமானோம்.

ஆகவே, நோய்நொடி அண்டாமல், நடை தளராமல், நெடுங்காலம் தாங்கள் நலமாக வாழ வேண்டும்! அதையும் எங்கள் கூப்பிடு தூரத்திலேயே வாழ வேண்டும்! அந்தக் கேள்விக்கு எங்களுக்குப் பதில் தெரியவில்லை, அம்மா.

இங்ஙனம்,
‘தெரியவில்லை’ என்று முதன்முறையாக எழுதிக் கையெழுத்திடும்
ஆசிரியர்களும் அலுவலர்களும்,
அரசு உயர்நிலைப் பள்ளி, வேம்பன்விடுதி,
புதுக்கோட்டை மாவட்டம்.